மூன்று வோல்ட்

போன வாரம் மகளை நேர்சரியிலிருந்து கூட்டிக்கொண்டு குட்செட் பஸ் நிலையத்துப் பக்கமாக வந்தேன். நடைபாதை ஓரத்தில் ஒரு பெரிய குடைக்குக் கீழே கைபேசி திருத்துகிற ஒருவர் குனிந்து உட்கார்ந்து எதையோ ஈயம் உருக்கிச் சோல்டர் செய்துகொண்டிருந்தார். சோல்டரிங் அயனின் நுனியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. பைன் மரத்துப் பிசினைச் சுட்டால் வருமே, அந்த வாசனை.

"அம்மா, யாரோ சாம்பிராணி போடுறாங்க" என்றாள் மகள்.

நான் நடைபாதையிலேயே குந்தி, அவளுடைய தொண்டைக்குழி மூச்சோடு உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. அவள் டொபி சப்பிக்கொண்டு நிம்மதியாக நின்றாள்.

"ஏன் பாக்கிறீங்க?"

"பொத்தான் போட்டிருக்கான்னு பாத்தேன்."

அவள் அன்றைக்குப் போட்டிருந்தது பொத்தானே இல்லாத பனியன். என்னை மாதிரி ஆட்களுக்குப் பொய்கூட ஒழுங்காக வராது.

வாசனைகள் நல்ல நாட்களைக் கொண்டுவரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த வாசனை எனக்கு இரண்டு காலங்களைச் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒன்று சிரிப்பு வருவது. மற்றது இன்றைக்கும் பயம் வருவது. சிரிப்பு வருவதிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தேன். வகுப்பில் பெண்கள் மூன்று பேர். அங்கே எல்லோரும் செய்யவேண்டிய முதல் பெரிய வேலை, ஆளுக்கொரு பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட். நாம் மேசையில் வைத்து நோண்டுகிற சாமான்களுக்கு வேண்டியதோ மூன்று, ஐந்து, ஒன்பது. ஒரு பெட்டி, அதில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் கேட்ட வோல்ட்டைத் தரவேண்டும். அவ்வளவுதான். மேசையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் இந்தப் பெட்டியை வைத்துத்தான் சோதிப்போம், ஆகவே பெட்டி பிழையானால் எல்லாமே பிழையாகும் என்று முதல் நாளே சொன்னார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். நான் அதை ஒரு மிரட்டலாக எடுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரைக்கும் போய், திரும்பி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் முடித்த பெட்டி என் கையில் இரண்டு மாதம் கிடந்தது. ஒவ்வொரு சோல்டரையும் உருக்கி, திரும்பப் போட்டு, திரும்ப உருக்கினேன். வெளிப்பெட்டிக்கு ஒரு பிஸ்கட் தகரம் எடுத்தேன். குமிழைச் சுற்றி மூன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு என்று நகப்பூச்சால் எண் எழுதினேன். எண்கள் அழகாக வந்தன. உள்ளே வேலை முடியவில்லை. அதற்குள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

தகரம் புதுச்சேலைகளுக்கு நடுவே என்னோடு புகுந்த வீட்டுக்கு வந்தது. மாமிதான் முதலில் திறந்தார்.

"பிஸ்கட்டுன்னுல நெனச்சேன்! கம்பியும் ஆணியுமா கெடக்கு. இதான் ஒங்க ஊட்டுச் சீதனமா?"

அவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். கேலியா, குறையா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன்.

வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சரிவில் இருந்தது. றோட்டிலிருந்து படி ஏறித்தான் வரவேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கம்பளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. காலையில் ரயிலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க மாமியும் நானும்தான். மாமி ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஓய்வு எடுத்ததும் மகனோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு ரேடியோவையும் கொண்டுவந்தார். காலையில் மரண அறிவித்தல் கேட்காமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. கேட்டு முடித்து, "நமக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையை எடுப்பார். பிள்ளை என் வயிற்றில் இருந்தபோது அந்த ரேடியோ ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டது.

"நீ படிச்ச புள்ளதானே, பாத்துக் குடு."

"பாக்கிறேன் மாமி" என்றேன். எத்தனையோ மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்து, திருத்தத் தெரியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான்.

மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது முதல் தடவையாக மூச்சு இழுத்து வீசிங் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்தைப் புகையாக்கி மூக்கில் பிடித்தார்கள். அரைமணியில் குழந்தை சிரித்தது. இது திரும்பத் திரும்ப வரும், வீட்டில் ஒரு மெஷின் இருந்தால் நல்லது என்றார்கள். வீட்டுக்காரரின் தங்கை வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மெஷின், இரண்டு பென்டோர்ச் பெட்டரியில் ஓடும், பக்கத்தில் வயர் செருக ஓர் ஓட்டையும் உண்டு. "மூச்சு இழுத்தா மொதல்ல இத குடுங்க. இருபது நிமிசத்துல கொறையலைன்னா உடனே கொண்டுவாங்க" என்று கிளினிக்கில் டொக்டர் மிஸ் சொன்னார்.

உடனே என்ற சொல் எங்கள் ஊரில் செல்லாக்காசான வருடம் அது. அந்த வருடத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் ஏதோ ஒரு வரிசையில் நின்றிருப்பீர்கள். பெட்ரோல் இல்லை. காஸ் இல்லை. கரண்ட் நேர அட்டவணைப்படி போகும், அட்டவணையை மதிக்காமலும் போகும். அந்தத் தாளைச் சுவரில் சோற்றுப்பசை தடவி ஒட்டிவைத்திருந்தோம். பின்பக்கச் சாய்ப்பில் கல்லடுப்பு வைத்து விறகில் சமைத்தோம். கடையில் கிடைத்த பெட்டரிகள் பழைய சரக்கு. கோப்பையில் மருந்து பாதி கிடக்கும்போதே மெஷினில் சிவப்பு வெளிச்சம் மினுங்கும். பெட்டரி சாகிறது என்று அர்த்தம்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் நஸீர் நானா இருந்தார். த்ரீவீல் ஓட்டுகிறவர். அப்போது ஓட்டாதவர். வண்டியைத் தார்ப்பாயால் மூடிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

"பெட்டரி நல்லாத்தான் ஈக்கிது தங்கச்சி, பெட்ரோல்தான் இல்ல. ஓடாத வண்டிக்குப் பெட்டரி என்னத்துக்கு? வேணுமெண்டா கொண்டு போங்கொ, டீவி பாருங்கொ!"

அவர் சிரிப்புக்குச் சொன்னது. அன்று முழுக்க அந்தப் பேச்சு என் தலைக்குள் சுற்றியது. வண்டிப் பெட்டரி பன்னிரண்டு வோல்ட். மெஷினுக்கு வேண்டியது மூன்று. சுவர்க் கரண்டுக்குப் பதிலாகப் பெட்டரியைக் கொடுத்து, நடுவே என் தகரப்பெட்டி இருந்தால் போதும். கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கணக்காக ஓடும்.

ஒரே ஒரு விஷயம்தான் பயம். மூன்று குடிக்கிற மெஷினுக்குத் தவறிப் பன்னிரண்டு போனால் ஒரு நொடியில் செத்துவிடும். நம்மிடம் இருப்பது ஒன்று. இன்னொன்று வாங்க நாட்டில் இல்லை.

குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு டவுனுக்குப் போனேன். போகிற வழியெல்லாம், விட்டுவிட்டு வந்தது பிழையோ என்று நினைத்தேன். பாகங்கள் விற்கிற கடையில் ரெகுலேட்டர் ஒன்றே ஒன்று இருந்தது. பன்னிரண்டை இறக்கிக் கொடுக்கிற மூன்று கால் சாமான் அதுதான். எவ்வளவு இறக்குவது என்று அதற்குச் சொல்கிற குமிழ்தான் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்த பழையது கல்லூரியிலேயே உடைந்திருந்தது. கடைக்காரர்கள் அந்தக் குமிழை எங்கே போட்டாலும் வொல்யூம் என்றுதான் சொல்வார்கள்.

"வொல்யூம் வந்து மாசமாச்சு மிஸ். கப்பல் வரணும். வீட்டுல ஒடஞ்ச ரேடியோ ஒண்ணும் இல்லியா? அதுல கழட்டுங்க, எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றுதான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானா வீட்டுக்குப் போன நேரம் ரேடியோவைத் திறந்தேன். கால்மணிகூட ஆகவில்லை. வொல்யூமைக் கழற்றி எடுத்துவிட்டு, வெளியே தெரிகிற மூடியை மட்டும் பசை போட்டு ஒட்டினேன். பார்த்தால் எதுவும் தெரியாது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டால், "ரேடியோவத் திருத்திட்டியா?" என்று வருமே, அதற்குத்தான் கூச்சம். எவ்வளவு அற்பமான கூச்சம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது மலை மாதிரி இருந்தது.

கரண்ட் இருந்த நேரங்களில் இரண்டு நாளாக உட்கார்ந்து பெட்டியை முடித்தேன். நானா பெட்டரியைத் தூக்கிவந்து தந்தார். வோல்ட் அளக்கிற மீட்டரை வைத்தேன். திருகினேன். ஐந்து. ஒன்பது. திரும்ப மூன்று. நகப்பூச்சு எண்ணுக்கும் மீட்டருக்கும் கொஞ்சம் வித்தியாசம், புது எண் எழுதினேன். மெஷினின் இடத்தில் முதலில் ஒரு டோர்ச் பல்ப்பைக் கொடுத்துப் பார்த்தேன். அழகாக எரிந்தது.

"மாஷா அல்லாஹ்! எஞ்சினியர் மிஸ்!" என்றார் நானா. எனக்குக் காது சூடேறிவிட்டது. அப்படி ஒரு பெருமை.

மாமி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையை மேசையில் வைத்தார். பல்ப் பளிச்சென்று வெள்ளையாக எரிந்து அணைந்தது.

"என்னா, போயிருச்சா?"

"பழைய பல்ப் மாமி."

மீட்டரைப் பார்த்தேன். மூன்று. நானா போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று, மூன்று, மூன்று. இந்த வகை மீட்டர் ஒரு நொடியில் இரண்டு மூன்று தடவைதான் பார்க்கும், இடையில் துள்ளி விழுவது அதன் கண்ணில் படாது. இதைக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். நினைவிலும் இருந்தது. ஆனால் அதை நினைக்க அன்றைக்கு மனம் வரவில்லை. பழைய பல்ப் என்று மாமிக்குச் சொன்னதை நானே நம்ப முடிவு செய்தேன். பெட்டரியை நானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

"இனிப் பயமில்லதானே?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். காலையிலிருந்தே மழை. மகளுக்கு இருமல். இரண்டு மணிக்குப் போகவேண்டிய கரண்ட் ஒன்றரைக்கே போனது. மூன்று மணியளவில் அவளுடைய மூச்சில் அந்தச் சத்தம் ஏறியது. தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. மருந்தை ஊற்றி மெஷினைப் பிடித்தேன். நாலு இழுப்புக்குள் சிவப்பு வெளிச்சம். பெட்டரியை மாற்றினேன். அதுவும் சிவப்பு.

மாமி படியில் நின்று சத்தம் போட்டார். நானா தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு பெட்டரியோடு ஓடிவந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போக ஏதாச்சும் கிடைக்குமா நானா?"

"கீழ சந்தியில போய்ப் பாக்குறன். யார்ட்டயாச்சும் கொஞ்சமாவது பெட்ரோல் ஈக்கும். நீங்க மருந்தக் குடுங்கொ" என்று பெட்டரியை இறக்கிவிட்டு அப்படியே ஓடினார்.

"அந்தப் பொட்டிய எடு புள்ள" என்றார் மாமி.

எடுத்தேன். பெட்டரியில் மாட்டினேன். மீட்டர் மூன்று என்றது. மெஷினுக்குப் போகிற வயர் என் கையில் இருந்தது. செருகவேண்டியதுதான் பாக்கி. கை போகவில்லை.

"என்னா நிக்கிற?"

"இத நம்ப ஏலாது மாமி."

"அன்னைக்கு எரிஞ்சுச்சே?"

"அன்னைக்குப் பல்ப் பழசில்ல. புதுசு." வயரைக் கீழே வைத்தேன். "இதுல உள்ள வொல்யூம் ஒங்க ரேடியோவுல கழட்டினது. ஒங்ககிட்ட சொல்லாம எடுத்துட்டேன்."

மாமி ரேடியோப் பக்கம் திரும்பவில்லை. குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்தபடி என்னையே பார்த்தார்.

"கரகரன்னு கத்துமே, அதா?"

"ம்."

"அடியே, அது திருகுனா எங்க நிக்கும்? லேசாத் தட்டுனா சத்தம் வரும், இன்னொருக்காத் தட்டுனாப் போயிரும். ரெண்டு வருசமாத் தட்டித் தட்டித்தான கேட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குமிழுக்குள்ளே கரிப்பூச்சுப் பூசிய ஒரு வளையம் இருக்கும். அதன்மேல் சின்ன உலோக விரல் ஒன்று ஊர்ந்து போகும். பூச்சுத் தேய்ந்த இடத்தில் விரல் ஒரு கணம் தூக்கிக்கொள்ளும். ரேடியோவில் அது வெறும் கரகரப்பு. என் பெட்டியில் அந்த விரல் தூக்கிய கணத்தில், இறக்கச் சொல்ல ஆள் இல்லாமல், பெட்டரியில் இருப்பது ஏறக்குறைய முழுதாக வெளியே பாயும். ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்த அதிர்வு போதும். இரண்டு வருடமாக அந்தக் குமிழின் குணத்தைக் கையால் அறிந்த ஒருவர் இதே வீட்டில் இருந்தார். அவரிடம் மறைத்துத்தான் அதை எடுத்தேன்.

"ஒனக்கு எத்தன வேணும்?" என்றார் மாமி.

"மூணு."

"மூணு மட்டும்தானே? அப்ப எதுக்குத் திருகணும்? மூணுலயே நிக்கிற மாதிரி ஒண்ணு வையேன்."

திருகுவதற்கென்று ஒரு பெட்டி செய்யப் படித்தவள் நான். திருகாமல் விடலாம் என்பது என் மூளையில் ஏறவே இல்லை. குமிழின் இடத்தில், அளவு மாறாத முந்நூற்று முப்பது ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் மூன்றுக்கு ஒரு மயிரிழை கீழே அப்படியே நிற்கும். கணக்கு அப்போதே மனதில் ஓடியது. ரெசிஸ்டருக்கு எங்கே போவது?

"ரேடியோவுல இருக்குமா? எடு. எல்லாத்தையும் எடு" என்றார் மாமி.

பின்பக்கத்தைப் பிரித்தேன். மழை இருட்டில் ரெசிஸ்டர்களின் அளவைச் சொல்கிற சின்னச் சின்ன நிறக்கோடுகள் தெரியவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஆரஞ்சு, ஆரஞ்சு, அடுத்தது மண்ணிறமா, சிவப்பா? சிவப்பென்றால் பத்து மடங்கு. அதை வைத்தால் பழைய கதைதான், பன்னிரண்டும் போய்விடும். என் கண்ணை நான் நம்பவில்லை.

"மாமி, இந்த மூணாவது கோடு என்ன நெறம்?"

"கருப்பட்டி நெறம்."

வெட்டி எடுத்து மீட்டரில் வைத்தேன். முந்நூற்று இருபத்தெட்டு. திருப்பிப் போட்டு வைத்தேன். முந்நூற்று இருபத்தெட்டு.

பிறகுதான் உறைத்தது. சோல்டரிங் அயன் கரண்டில் ஓடுவது. கரண்ட் இல்லை.

முறுக்கிக் கட்டலாம். ஆனால் கட்டு தளர்ந்தால் குமிழ் செய்த அதே வேலையைத்தான் அதுவும் செய்யும். அயனின் செப்பு மூக்கை மட்டும் கழற்றிக் குறட்டில் கவ்விக்கொண்டு சாய்ப்புக்கு ஓடினேன். மத்தியானச் சமையலின் தணல் இன்னும் இருந்தது. ஊதினேன். மூக்குச் சூடேறியதும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். மேசைக்கு எட்டே எட்டு அடிதான், அதற்குள் ஆறிவிட்டது. ஈயம் உருகாமல் கூழாக ஒட்டியது. திரும்ப ஓடினேன். ஊதினேன். மாமி புகை படாமல் குழந்தையை முன்அறை ஜன்னலுக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டால் பயம், ஒரு கணம் கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

"பாப்பா எப்படி மாமி?"

"நீ கையப் பாரு."

மூன்றாம் தடவை ஈயம் நீர் மாதிரி ஓடிப் பிடித்தது. பிசின் புகை முகத்தில் அடித்தது. இரண்டாவது காலையும் அப்படியே பிடித்தேன். பெட்டரியை மாட்டினேன். மீட்டர் இரண்டு தசம் ஒன்பது என்றது. இந்தத் தடவை மீட்டரோடு விடவில்லை. இன்னொரு டோர்ச்சின் பல்ப்பைக் கழற்றிக் கொடுத்தேன். எரிந்தது. மேசையைத் தட்டினேன். தகரத்தைக் கையில் எடுத்து உலுக்கினேன். பல்ப் கண் சிமிட்டவில்லை. மாமி அறை வாசலில் வந்து நின்று, குழந்தையை அணைத்தபடி காலால் மேசைக்காலுக்கு ஓர் உதை விட்டார். கோப்பை ஒன்று உருண்டு விழுந்தது. பல்ப் அப்படியே எரிந்தது.

அதற்குப் பிறகும் நான் வயரைக் கழற்றி, பிளஸ் எது மைனஸ் எது என்று அளந்தேன். இன்னொரு தடவை அளந்தேன். மூன்றாம் தடவைக்கு மீட்டரை எடுத்தபோது மாமி, "புள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செருகினேன். மெஷின் முனகியது. வெள்ளையாகப் புகை வந்தது. சிவப்பு வெளிச்சம் வரவில்லை.

மாமி மடியில் குழந்தை, குழந்தையின் மூக்கருகே மெஷினைப் பிடித்த என் கை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை தவறி, திரும்பத் தொடங்கினேன். தகரம் சூடேறியது, தொட்டுப் பார்த்தேன், பொறுக்கக்கூடிய சூடுதான். மருந்து பாதி தீரும்போது தலைக்கு மேலே லைட் எரிந்தது. பக்கத்து வீட்டு டீவி சத்தமாகப் பேசியது. கரண்ட் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. மருந்து முழுதும் தீரும்போது அவள் தொண்டைக்குழி அசைவது குறைந்திருந்தது. என் விரலைப் பிடித்து வாய்க்குள் போடப் பார்த்தாள்.

நானா நனைந்த கோழியாகப் படியேறி வந்தார். "வேன் ஒண்டு கெடச்சிச்சு! வாங்கொ, வாங்கொ!" மூச்சு இறங்கிவிட்டாலும் போனோம். போகாமல் இருக்க என்னால் முடியாது என்பது மாமிக்கும் தெரியும், நானாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் காதுக்குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நேரத்தோட மருந்து குடுத்திருக்கீங்க, நல்லது" என்றார்கள். எதில் கொடுத்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு தடவை தேவைப்பட்டால் என்று அந்தத் தகரத்தைத் துவாயில் சுற்றிப் பைக்குள் கொண்டுபோயிருந்தேன். பெட்டரியை மட்டும் கொண்டுபோகவில்லை. அது இல்லாமல் தகரம் வெறும் தகரம் என்பது திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் குமிழ் போடவே இல்லை. மூன்று வோல்ட் மட்டும் தெரிந்த பெட்டியாகவே அது இருந்தது. அடுத்த வருடம் கடைகளில் வொல்யூம் வந்தது. முதல் ஒன்றை வாங்கி மாமியின் ரேடியோவில் போட்டேன், வெட்டி எடுத்த ரெசிஸ்டருக்குப் பதிலாகப் புதியதும் போட்டேன். ரேடியோ ஊமையானதற்குக் காரணம் உள்ளே விட்டுப்போயிருந்த ஒரு வயர்தான், அதையும் ஒட்டினேன். பழக்கதோஷத்தில் மாமி இன்னும் அதைத் தட்டிவிட்டுத்தான் திருகுவார்.

பெட்ரோல் வந்தது. நானா பெட்டரியைத் திரும்ப வண்டியில் மாட்டி ஒரு வருடம் ஓடினார். பிறகு வண்டியை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். அந்த வீட்டை நாங்களும் விட்டுவிட்டோம். சாய்ப்பு இருந்த இடத்தில் இப்போது யாரோ கார் நிறுத்தச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரரின் தங்கை திரும்பி வந்ததும் மாமி அவரோடு ஹுன்னஸ்கிரியவுக்கே போய்விட்டார். அந்த மெஷினின் பெட்டரி அறை பச்சையாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. இரண்டு வருடமாக அதற்கு வேலை இல்லை. கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது, இனி வரத் தேவையில்லை என்று புத்தகத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்து இன்னொரு தடவை உள்ளே போய், "நிச்சயமாவா மிஸ்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

நேற்று முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். பிள்ளைக்கு ஏதேனும் நோய் உண்டா என்று ஒரு வரி. அந்த இடத்தில் வெகு நேரம் நின்றேன். உண்டு என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் எங்கேயோ ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன். பிறகு ஹுன்னஸ்கிரியவுக்குப் போன் போட்டேன்.

"மாமி, நோய் இல்லைன்னு எழுதவா?"

"இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்னா? பென்சில்ல எழுதியிருக்கியா, பேனாவுலயா?"

பென்சிலை விண்ணப்பத்துக்கு அடியில் தள்ளினேன்.

"எனக்குத் தெரியும். பேனாவ எடு. எழுதிட்டு வாசிச்சுக் காட்டு, அதுவரைக்கும் வைக்க மாட்டேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேனாவால் எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

"இல்லை, மாமி."